வினா அனுப்ப வழியில்லாத நீதிபதி

பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் வழக்கறிஞர்களும் சட்ட ஆய்வாளர்களும் கூடியுள்ள இக்கருத்தரங்கின் பொருள், பல நாடுகளுக்குப் பொதுவாக அமைந்த நீதிமன்றங்களோடு ஒரு நாட்டின் நீதிபதி கொள்ளும் உறவாகும். அது மேல்முறையீட்டு உறவன்று என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்வது நலம். 1957ஆம் ஆண்டின் உரோம் ஒப்பந்தப்படி, ஐரோப்பியச் சட்டத்தின் பொருளில் ஐயம் எழுந்தால், உறுப்பு நாட்டின் நீதிபதி வழக்கை நிறுத்திவைத்து, லக்சம்பர்க் நீதிமன்றத்துக்கு வினா அனுப்பி, விடை வந்தபின் தாமே தீர்ப்பளிக்கலாம். மிலான் நகரில் சில்லறை வழக்குகளை விசாரித்த ஒரு நீதிபதி, மின்கட்டண வழக்கொன்றில் அவ்வாறு அனுப்பிய வினாவிலிருந்தே, உறுப்பு நாட்டுச் சட்டத்தினும் ஐரோப்பியச் சட்டம் மேலானது என்னும் 1964ஆம் ஆண்டுக் கோஸ்டா தீர்ப்பு பிறந்தது.

தெற்காசியாவில் அத்தகைய நீதிமன்றமும் இல்லை, வினா அனுப்பும் வழியும் இல்லை. இலங்கை, தனிமனிதர் ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட இடந்தரும் விருப்ப நெறிமுறையில் 1997இல் சேர்ந்தது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்கீழ் ஒப்புதல் வாக்குமூலத்தைக் கொண்டு தண்டிக்கப்பட்ட சிங்கராசாவின் உரிமைகள் மீறப்பட்டதாக அக்குழு 2004இல் முடிவு செய்தது. ஆனால் அவர் அம்முடிவோடு உச்ச நீதிமன்றத்தை அணுகியபோது, நாடாளுமன்றம் சட்டமியற்றாமல் குடியரசுத் தலைவர் நெறிமுறையில் சேர்ந்ததே அரசமைப்புக்கு முரண் என்று 2006இல் அந்நீதிமன்றம் கூறிவிட்டது. உள்நாட்டுச் சட்டமாக்கப்படாத ஒப்பந்தம் நீதிபதியைக் கட்டாது என்னும் இருமைக் கோட்பாட்டளவில் நின்றிருந்தாலே போதும். சேர்ந்ததையே செல்லாததாக்கியது வழக்குக்கு வேண்டியதினும் மிகையானது.

இந்தியாவின் நடை வேறு. 2012இல் கேரளக் கடலில் இரண்டு மீனவர்கள் இத்தாலியக் கடற்படையினரால் சுட்டுக் கொல்லப்பட்ட வழக்கில், இரு நாடுகளும் நீதிமன்ற நடவடிக்கைகளை நிறுத்திவைக்குமாறு ஹாம்பர்க்கிலுள்ள பன்னாட்டுக் கடல்சட்டத் தீர்ப்பாயம் 2015 ஆகஸ்டு 24 அன்று ஆணையிட, உச்ச நீதிமன்றம் இரண்டே நாளில் தன் முன்னிருந்த நடவடிக்கைகளை நிறுத்திவைத்தது. கடற்படையினருக்கு விலக்குரிமை உண்டென்றும், இத்தாலி இழப்பீடு தரவேண்டுமென்றும் இப்பிணக்கை விசாரித்த பன்னாட்டு நடுவர் மன்றம் 2020இல் முடிவுசெய்ய, 10 கோடி ரூபாய் செலுத்தப்பட்டபின் 2021 ஜூனில் குற்ற வழக்கை உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது. நாட்டின் நீதிபதி பணிந்தார் என்பதைவிட, பணத்தைக் கையில் பெற்ற பிறகே கதவை மூடினார் என்பதே பொருந்தும்.

அயல் மன்றம் எதுவும் ஆணையிடாதபோதும் இந்திய நீதிபதி பன்னாட்டு நெறியை எடுத்துக்கொண்டதுண்டு. பாலாற்றங்கரைத் தோல் பதனிடும் ஆலைகளைப் பற்றிய 1996ஆம் ஆண்டு வேலூர் வழக்கில், தீங்கு உறுதிப்படும் முன்பே தடுக்க வேண்டும் என்னும் முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என உச்ச நீதிமன்றம் கூறியது. சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சூழ்ந்த அரியலூரில், தூசியும் நிலத்தடி நீரும் வழக்காகும்போது கைக்கு வருவன இவ்விரு கோட்பாடுகளே. ஆதலின் முதல் அமர்வு அத்தீர்ப்பிலிருந்து தொடங்குவது தகும்.