49-வது இடம்: எலீனா பால்டாச்சாவின் கதை

டென்னிஸ்னு சொன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது செரீனா, ஃபெடரர், நடால், ஜோகோவிச். எல்லாரும் கோப்பையைத் தூக்குன ஆளுங்க. இந்த எபிசோட்ல நான் பேசப்போறது, ஒரு டபிள்யூ.டி.ஏ. ஒற்றையர் பட்டம்கூட ஜெயிக்காத ஒருத்தரைப் பத்தி. பேரு எலீனா பால்டாச்சா. பிரிட்டன் வீராங்கனை. அவங்க தொட்ட உச்ச ரேங்க் 49. கூட ஆடினவங்களுக்கு அவங்க 'பாலி'.

பிறந்தது 1983-ல், கீவ் நகரத்துல. அப்பா செர்கேய் பால்டாச்சா சோவியத் கால்பந்து வீரர், அம்மா ஓல்கா தடகள வீராங்கனை. அப்பாவுக்கு இங்கிலாந்தின் இப்ஸ்விச் டவுன் கிளப்பில் ஆட வாய்ப்பு வந்தது. குடும்பமே கிளம்பி வந்துட்டாங்க. அப்புறம் அங்கிருந்து ஸ்காட்லாந்து. அங்கே பாலிக்குப் பயிற்சி கொடுத்தவங்கள்ல ஒருத்தர் ஜூடி மர்ரி. ஆமா, ஆண்டி மர்ரியோட அம்மாவேதான்.

2002 விம்பிள்டன். பாலிக்கு 18 வயசு. வைல்ட் கார்டுல உள்ளே வந்து, ஒரு காலத்தில் உலகின் 3-ம் இடத்தில் இருந்த அமாண்டா கோட்ஸரைத் தோற்கடிச்சு மூன்றாவது சுற்று வரைக்கும் போனாங்க. 'அடுத்த பெரிய ஆள் வந்தாச்சு'ன்னு எல்லாரும் எதிர்பார்க்கிற தருணம் அது.

19 வயசுல டாக்டர்கள் ஒரு நோயைக் கண்டுபிடிச்சாங்க. பிரைமரி ஸ்கிளிரோசிங் கொலாஞ்சைட்டிஸ். கல்லீரலிலிருந்து பித்தத்தைக் கொண்டுபோகும் குழாய்கள் வீங்கி, தழும்பேறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கிப்போகும் நோய். முழுசா குணப்படுத்த மருந்து கிடையாது. முத்திப்போனா கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சைதான். இதோட பொதுவான அறிகுறி சோர்வு. மணிக்கணக்கா ஓடி ஆட வேண்டிய ஒரு பொண்ணுக்குச் சோர்வு நோய் வருது, யோசிச்சுப் பாருங்க. அதுக்கப்புறம் மாத்திரை, தொடர்ந்து ரத்தப் பரிசோதனை, இதோட சேர்த்துத்தான் அவங்க ஆடினது எல்லாமே.

இங்கே ரேங்கிங் எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லியாகணும். நான் கோட் எழுதுற ஆளுங்கிறதால எனக்கு இது ஒரு ஸ்லைடிங் விண்டோ மாதிரி தெரியுது. கடைசி 52 வாரத்தில் வாங்கின புள்ளிகள் மட்டும்தான் கணக்கு. போன வருஷம் இதே வாரம் ஜெயிச்சது இந்த வாரம் கழிஞ்சிடும். அதே அளவு மறுபடி ஜெயிச்சா நின்ன இடத்துல நிக்கலாம். காயம்பட்டு ஆறு மாசம் படுத்தா, நீங்க படுத்திருக்கும்போதே ரேங்க் இறங்கிக்கிட்டே இருக்கும்.

ஏறக்குறைய முதல் நூறு இடங்களுக்குள்ள இருந்தா கிராண்ட் ஸ்லாமில் நேரடி இடம். வெளியே இருந்தா தகுதிச் சுற்று ஆடணும், இல்லைன்னா வைல்ட் கார்டு கிடைக்கணும். மீதி வாரங்களில் ஐ.டி.எஃப். போட்டிகள்தான். பாலி ஆடின காலத்துல '25,000 டாலர் போட்டி'ன்னு பேரு இருந்தது. அது வெற்றியாளருக்குக் கிடைக்கிற பணம்னு நினைச்சுடாதீங்க. ஆடுற எல்லாருக்கும், இரட்டையர் பிரிவுக்கும் சேர்த்துப் பிரிச்சுக் கொடுக்கிற மொத்தத் தொகை அது. விமானம், தங்குமிடம், கோச், பிசியோ எல்லாம் ஆடுறவங்க பார்த்துக்கணும். பாலி ஜெயிச்ச 11 ஒற்றையர் பட்டங்களும் இந்த மட்டத்துல ஜெயிச்சதுதான்.

2005 ஆஸ்திரேலியன் ஓபனில் தகுதிச் சுற்றிலிருந்து ஏறி மூன்றாவது சுற்று. 2006-ல் முதுகில் அறுவை சிகிச்சை. ரேங்க் சரிஞ்சது. திரும்பவும் சின்னச் சின்ன ஊர்களில் ஆடி ஏறி வந்தாங்க. 2009 டிசம்பரில் பிரிட்டனின் நம்பர் ஒன். 2010-ல் மறுபடி ஆஸ்திரேலியன் ஓபன் மூன்றாவது சுற்று. அதே வருஷம் இண்டியன் வெல்ஸில் லி நாவைத் தோற்கடிச்சாங்க. அடுத்த வருஷம் பிரெஞ்ச் ஓபனை ஜெயிச்ச அதே லி நா! 2010 செப்டம்பரில் 49-வது இடம். அப்போ வயசு 27. அதாவது, 18 வயசுல எல்லாரும் எதிர்பார்த்த இடத்தை நோக்கி நகர அவங்களுக்கு எட்டு வருஷம் பிடிச்சது, அதுவும் அந்த நோயோட.

மொத்தம் 132 வாரம் நாட்டின் நம்பர் ஒன். அந்த இடத்துக்காக அவங்களோட மோதினவர் ஆன் கியோதவாங். ஃபெட் கோப்பையில் ரெண்டு பேரும் ஒரே அணி. வாரா வாரம் போட்டி, அணின்னு வந்தா தோள் கொடுக்கிற ஆளு. ஆபீஸ்ல நமக்கும் அப்படி ஒருத்தர் இருப்பாங்க இல்லையா?

எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இது. உச்ச ரேங்கைத் தொட்ட அதே 2010-ல், இப்ஸ்விச்சில் குழந்தைகளுக்காக ஒரு டென்னிஸ் அகாடமி தொடங்கினாங்க. கூட நின்னவர் அவங்களோட கோச் நீனோ செவரீனோ. பொதுவா ஓய்வு பெற்ற பிறகுதான் இதெல்லாம் செய்வாங்க. இவங்க ஆடிக்கிட்டு இருக்கும்போதே செஞ்சாங்க.

2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் ஒரு சுற்று ஜெயிச்சாங்க. 2013 தொடக்கத்தில் கணுக்காலில் அறுவை சிகிச்சை. திரும்பி வந்தும் உடம்பு ஒத்துழைக்கல. நவம்பரில் ஓய்வு. டிசம்பரில் நீனோவோட கல்யாணம். 2014 ஜனவரியில் கல்லீரல் புற்றுநோய்னு தெரிஞ்சது. மே 4-ம் தேதி இறந்துட்டாங்க. வயசு 30.

அந்த ஜூன் மாசம் 'ராலி ஃபார் பாலி'ன்னு காட்சிப் போட்டிகள் நடந்தது. ஆண்டி மர்ரி உட்பட பலர் ஆடினாங்க. வந்த பணம் புற்றுநோய் அறக்கட்டளைக்கும் அந்த அகாடமிக்கும் போச்சு.

நம்ம வயசுல எல்லாருக்கும் ஒரு ரேங்க் பட்டியல் இருக்கு. அப்ரைசல் ரேட்டிங், சம்பளம், லிங்க்ட்இன்ல யாரு எங்கே போனாங்கங்கிற கணக்கு. பாலியோட 49-ஐ அந்தப் பட்டியலில் வெச்சா மேலே 48 பேர் இருக்காங்க, அவ்வளவுதான் தெரியும். அந்த நோய் அதுல தெரியாது. முதுகு அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதல்லேர்ந்து ஏறினது தெரியாது. இப்ஸ்விச்சில் ராக்கெட் பிடிக்கக் கத்துக்கிட்ட பிள்ளைங்க எந்தக் கட்டத்திலும் வரமாட்டாங்க.

ரேங்க் வேண்டாம்னு நான் சொல்லல. பாலிக்கே அது வேணும், அதுக்காகத்தான் அவ்வளவு ஊர் சுத்தினாங்க. ஆனா அடுத்த தடவை ஒரு பெரிய டென்னிஸ் போட்டியின் முதல் நாள் ஸ்கோர் பார்க்கும்போது, முதல் சுற்றுல தோத்துப்போன பேருங்களையும் ஒரு நிமிஷம் படிச்சுப் பாருங்க. அந்தக் கோர்ட்டுக்குள்ள வர்றதுக்கே ஒவ்வொருத்தரும் எவ்வளவு தூரம் நடந்திருக்காங்கன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

உங்களுக்குத் தெரிஞ்ச இப்படி ஒரு விளையாட்டு வீரர் இருந்தா எனக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.