அரைப்பேர் எங்கே போனது? – சி மொழி படிக்கும் நம் பிள்ளைகளுக்குச் சில வார்த்தைகள்

(தோட்டத்துக் கணனி வகுப்புப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் நீட்டி முழக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். இந்த வகுப்பில் பிள்ளைகள் 'சி' என்ற கணனி மொழியைப் படிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். "அது என்னமோ படிப்பு, நமக்கு என்ன வந்தது" என்று பெரியவர்கள் நினைக்கலாம். நமக்கு நிறையவே வந்திருக்கிறது.

மடுவத்தில் நிறுக்கிற கொழுந்து, செக்றோலில் விழுகிற பேர், சம்பளச் சீட்டில் வருகிற கழிவு, சேமலாப நிதி எல்லாமே இன்று பல தோட்டங்களில் கணனியில்தான் கணக்காகின்றன. கணனி தானாகக் கணக்குப் படித்துக்கொண்டு வரவில்லை. யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து வரிவரியாக எழுதிக் கொடுத்ததைத்தான் அது செய்கிறது. அந்த வரிகளில் ஒன்று பிழைத்தால் அந்தப் பிழை மாதாமாதம், ஆளாளுக்கு நடந்துகொண்டே இருக்கும். அதைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்கள் நம்மிலும் இருக்க வேண்டும், இல்லீங்களா?

முதலில் இந்த மொழியைப் பற்றிக் கொஞ்சம். அமெரிக்காவில் பெல் ஆய்வுகூடம் என்ற இடத்தில், 1970களின் ஆரம்பத்தில் டெனிஸ் ரிச்சி என்பவர் இதை உருவாக்கினார். 1978இல் அவரும் பிரையன் கெர்னிகன் என்பவரும் சேர்ந்து இந்த மொழிக்கு ஒரு புத்தகம் எழுதினார்கள். மொழிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஓய்வு பெறவில்லை. உங்கள் கையில் இருக்கிற அன்ட்ரொய்ட் போனின் அடித்தளம்கூடப் பெரும்பாலும் இந்த மொழியில் எழுதப்பட்டதுதான்.

சி மொழியில் எழுதுவதைக் கணனி அப்படியே படிக்காது. இடையில் கம்பைலர் என்ற ஒன்று இருக்கிறது. அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை இங்கிலீசில் சொன்னதைப் பெரட்டுக்களத்தில் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. கம்பைலரும் அப்படி ஒரு மொழிபெயர்ப்பாளர். ஆனால் பக்கத்தில் நின்று ஒவ்வொரு வசனமாகச் சொல்லாது. நாம் எழுதின முழுக் கடிதத்தையும் வாங்கி, இலக்கணம் பார்த்து, இயந்திரத்தின் மொழிக்கு மாற்றிய பிறகுதான் வேலைக்கு அனுப்பும். இலக்கணம் பிழைத்தால் திருப்பித் தந்துவிடும். 1952இல் இந்த மாதிரி வேலைக்கு வழிகாட்டியவர் கிரேஸ் ஹொப்பர் என்ற ஒரு பெண்மணி. பொம்பளைப் பிள்ளைக்கு இந்தப் படிப்பு எதற்கு என்று யாராவது கேட்டால் அந்தப் பெயரைச் சொல்லுங்கள்.

ஒன்றை மட்டும் நன்றாக மனதில் வையுங்கள். கம்பைலர் இலக்கணம் பார்க்கும், நியாயம் பார்க்காது. எழுதினது பிழையில்லாமல் மாறிவிட்டது என்பதற்காகக் கணக்குச் சரி என்று ஆகாது. இன்று நாங்கள் சொல்ல வந்தது இதுதான். இனி, புதிதாகப் படிக்கிறவர்கள் இடறி விழுகிற இடங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. திட்டைக் கண்டு பயப்பட வேண்டாம்

ஒரு வரியின் கடைசியில் வைக்க வேண்டிய அரைப்புள்ளியை விட்டுவிட்டால் கம்பைலர் சில நேரம் பத்துப் பிழை சொல்லும். திரை நிறைய இங்கிலீசு. பிள்ளை பயந்து, "எனக்கு இது சரிவராது" என்று எழும்பிவிடும். உண்மையில் பிழை ஒன்றுதான். மற்றவை அதன் வால். முதலாவது பிழையை மட்டும் படியுங்கள். அது காட்டுகிற வரியையும் அதற்கு முந்தின வரியையும் பாருங்கள். திருத்தி மறுபடி அனுப்புங்கள். வரும் இங்கிலீசுச் சொற்கள் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள்தான். ஒரு கொப்பியில் எழுதி, பக்கத்தில் தமிழில் அர்த்தம் எழுதுங்கள். சில வாரத்தில் பயம் போய்விடும்.

2. விலாசம் இல்லாத கடிதம்

விசைப்பலகையில் தட்டுகிற எண்ணை வாங்கி ஒரு பெட்டியில் போடச் சொல்லும்போது, அந்தப் பெட்டியின் பெயரை மட்டும் கொடுத்தால் போதாது. பெயருக்கு முன்னால் '&' என்ற குறி போட்டு அதன் விலாசத்தைக் கொடுக்க வேண்டும். இதை விட்டால் எண் எங்கேயோ போய் விழும்; பெரும்பாலும் ஓடுகிற வேலை அப்படியே நின்றுவிடும். லயத்துக்குத் தனி விலாசம் இல்லாமல் கடிதம் கை மாறிக் கை மாறித் தொலைந்துபோவது நமக்குப் பழகின கஷ்டம். பெயர் வேறு, விலாசம் வேறு என்பதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

3. கழுவாத கூடை

மொத்தக் கொழுந்தைக் கூட்ட ஒரு பெட்டி திறக்கிறோம். அதில் முதலில் பூச்சியம் போட வேண்டும். போடாவிட்டால் அதற்குள் பழைய குப்பை எண் ஏதாவது கிடக்கும். அதன் மேல் நாம் கூட்டினால் கணக்கு எப்படிச் சரிவரும்? நிறுக்கும் முன் தராசு முள் பூச்சியத்தில் நிற்கிறதா என்று பார்க்கிறோமே, அதே பழக்கம்தான்.

4. ஒற்றைச் சமமும் இரட்டைச் சமமும்

சி மொழியில் ஒற்றைச் சமக்குறி 'இதை இதற்குள் போடு' என்று கட்டளையிடும். இரட்டைச் சமக்குறி 'இது அதற்குச் சமமா?' என்று கேட்கும். ஞாயிற்றுக்கிழமையை 7 என்று வைத்து, 'இன்று 7 ஆ?' என்று கேட்க வேண்டிய இடத்தில் ஒற்றைச் சமம் போட்டால் என்ன நடக்கும்? கேள்வி கட்டளையாகி எல்லா நாளும் ஞாயிறாகிவிடும்! கம்பைலர் இதைத் தடுக்காது. ஆனால் 'சந்தேகம் இருந்தால் அதையும் சொல்லு' என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டால் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகளை எப்போதும் திறந்து வைத்திருங்கள். எச்சரிக்கை வந்தால் "ஓடுதுதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

5. பத்தாவது காம்பரா

பத்துக் காம்பரா உள்ள லயத்தை நாம் 1 முதல் 10 வரை எண்ணுவோம். சி மொழி 0 முதல் 9 வரை எண்ணும். பழக்க தோஷத்தில் 10 என்று எழுதினால், அது லயத்தின் கோடியைத் தாண்டி அடுத்த ஆளின் இடம். 'அங்கே போகாதே' என்று சி மொழி தானாகச் சொல்வதில்லை. பக்கத்து வீட்டுப் பானையில் நம் அரிசியைப் போட்டதுபோல, வேறொருவரின் கணக்குக் கெட்டுப்போகும். பிழை செய்த இடம் ஒன்று, வலி தெரிகிற இடம் வேறு. அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

6. அரைப்பேர்

இப்போது தலைப்புக்கு வருகிறோம். பெரியவர்களும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சி மொழியில் முழு எண்ணுக்கு ஒரு பெட்டி, புள்ளி எண்ணுக்கு வேறொரு பெட்டி. முழு எண் பெட்டிக்குள் 7.8ஐப் போட்டால் 7 மட்டும்தான் நிற்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது வெட்டுப்படும்; கிட்டிய எண்ணுக்கு உயர்த்துவதும் இல்லை.

ஓர் உதாரணம். நாள் கொழுந்து 20 கிலோ, நாட் சம்பளம் 1000 ரூபா என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். ஓர் அக்கா காலையில் 7.8, பகலில் 6.9, பின்நேரம் 5.6 கிலோ நிறுக்கிறார். கூட்டினால் 20.3. முழுப்பேர் அவருக்குச் சேர வேண்டும். எழுதினவர் கிலோவுக்கு முழு எண் பெட்டியை வைத்திருந்தால் 7, 6, 5 என்று விழும். மொத்தம் 18. முழுப்பேர் போய் அரைப்பேர் ஆயிற்று.

அதோடு நிற்கவில்லை. அரைப்பேர் என்பதை ஒன்றை இரண்டால் வகுத்து எழுதுகிறார் என்று வைப்போம். முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் சி மொழி முழு எண்தான் தரும். ஒன்றை இரண்டால் வகுத்தால் விடை அரை அல்ல, பூச்சியம்! அந்தப் பூச்சியத்தை 1000 ரூபாவால் பெருக்கினால் வருவது பூச்சியம். இருபது கிலோவுக்கு மேல் பறித்தவருக்கு அன்றைக்கு ஒரு சதமும் இல்லை. இலக்கணப் பிழை எங்கேயாவது இருக்கிறதா? இல்லை. கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லாமல் மாற்றிக் கொடுத்திருக்கும்.

இதற்கு வழி என்ன? எடையைக் கிராமில் வையுங்கள்: 7800, 6900, 5600. காசைச் சதத்தில் வையுங்கள். முழுப்பேரை 2 என்றும் அரைப்பேரை 1 என்றும் எண்ணுங்கள். முதலில் பெருக்கி, கடைசியில் வகுங்கள். ஆயிரம் ரூபாவுக்கு 100000 சதம். அதை 1ஆல் பெருக்கி 2ஆல் வகுத்தால் 50000 சதம், அதாவது 500 ரூபா, சரியாக வரும். புள்ளி எண் பெட்டியில் காசை வைப்பதும் நல்லதல்ல. கணனி இரண்டின் அடியில் எண்ணுவதால் 0.1 என்ற சின்ன எண்ணைக்கூட அதனால் அச்சொட்டாக வைத்திருக்க முடியாது. மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதி முடிக்க முடியாததுபோல.

7. பெட்டியின் அளவு

எந்தப் பெட்டிக்கும் ஒரு கொள்ளளவு உண்டு. இன்று சாதாரணமாகப் பாவிக்கும் முழு எண் பெட்டி 2,147,483,647 வரை தாங்கும். பெரிய எண்தானே என்று தோன்றும். சதமாக எண்ணிப் பாருங்கள். 600 பேருக்கு ஆளுக்கு 36,000 ரூபா என்றால் மொத்தம் 2 கோடியே 16 இலட்சம் ரூபா. சதத்தில் அது 2,160,000,000. பெட்டி நிரம்பி வழிந்துவிட்டது! பெரும்பாலும் விடை கழித்தல் எண்ணாக மாறி நிற்கும். மொத்தக் கணக்குக்குப் பெரிய பெட்டி வேண்டும். சி மொழியில் அதுவும் இருக்கிறது.

கெட்டிக்காரர்களுக்கும் இது நடந்திருக்கிறது. 1996 ஜூன் 4ஆம் திகதி ஐரோப்பியர்கள் ஆரியன் 5 என்ற ரொக்கெட்டை முதன்முதலாக ஏவினார்கள். சுமார் 40 விநாடிக்குள் அது வழிதவறி வெடித்துச் சிதறியது. காரணம், ஒரு பெரிய புள்ளி எண்ணை 32,767 வரை மட்டுமே தாங்கும் சின்னப் பெட்டிக்குள் திணிக்கப் போனது. அது எழுதப்பட்டது 'அடா' என்ற வேறொரு மொழியில். அதுவும் கம்பைலர் மூலம் மாற்றப்படும் மொழிதான். அந்த வரிகள் ஆரியன் 4இல் சரியாக ஓடியவை. புதிய ரொக்கெட்டின் வேகம் கூட. பழைய பெட்டி போதவில்லை. "போன மாதம் சரியாக ஓடியதே" என்பது அத்தாட்சி ஆகாது.

சரி பார்க்கிற வழி

எழுதி முடித்ததும் முதலில் கையால் கணக்குப் போடுங்கள். விடையைக் கடதாசியில் எழுதி வைத்துவிட்டுத்தான் கணனியை ஓடவிட வேண்டும். முதலே விடையைப் பார்த்துவிட்டால் மனம் அதைச் சரியென்று நம்பிவிடும். பிறகு ஓரங்களில் சோதியுங்கள்: சரியாக 20 கிலோ, 20க்கு ஒரு கிராம் குறைவு, ஒரு கிராம் கூட, வேலைக்கு வராத நாள், ஒருவரும் வராத நாள். பிழைகள் நடுவில் இருப்பதைவிட ஓரங்களில்தான் ஒளிந்திருக்கும். தேயிலைக்குள் குளவிக்கூடு தேடுகிற மாதிரி, இருக்கக்கூடிய இடத்தில் தேடுங்கள்.

இந்த ஓரங்கள் எவை என்று யாருக்குத் தெரியும்? மடுவத்தில் வரிசையில் நின்றவருக்குத்தான் தெரியும். கணனி மட்டும் படித்தவருக்கு அரைப்பேர் என்றால் என்னவென்று தெரியாது. நம் பிள்ளைகளுக்கு இரண்டும் தெரியும். அது குறைவல்ல, முதல்.

பெற்றோர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, மாத முழுவதும் கிலோவையும் பேரையும் ஒரு சின்னக் கொப்பியில் எழுதி வையுங்கள். எழுத முடியாவிட்டால் பிள்ளையிடம் சொல்லி எழுதச் சொல்லுங்கள். சம்பளச் சீட்டு வந்ததும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால், "கணனி சொல்லிவிட்டது" என்ற பதிலோடு திரும்பி வராதீர்கள். எந்த நாள், எந்த நிறுவை என்று கேளுங்கள். கோபம் வேண்டாம், கொப்பியைக் காட்டினால் போதும்.

இரண்டாவது, பிள்ளைக்கு நேரம் கொடுங்கள். கம்பைலருக்குக் காசு கொடுக்கவும் வேண்டியதில்லை. ரிச்சர்ட் ஸ்டோல்மன் என்பவர் தொடங்கி 1987இல் வெளிவந்த 'ஜி.சி.சி.' கம்பைலர் இன்றும் இலவசம். பழைய கணனியே போதும். இந்தப் படிப்பில் ஒரு மணித்தியாலம் எழுதினால் மூன்று மணித்தியாலம் பிழை தேட வேண்டியிருக்கும். பிள்ளை திரையைப் பார்த்துச் சும்மா இருப்பதுபோலத் தோன்றும். அப்போதுதான் அது உண்மையாக வேலை செய்கிறது. அந்த நேரத்தில் விறகுக்கு அனுப்பாமல் இருங்கள்.

தம்பி தங்கைமார்களே, பிழை வருவது வெட்கமில்லை. பிழை இருக்கிறதா என்று பார்க்காமல் விடுவதுதான் கூடாது. நாளை நீங்கள் எந்த அலுவலகத்தில் உட்கார்ந்து எதை எழுதினாலும், ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒருவர் கூடை சுமந்திருக்கிறார் என்பதை நினைத்து எழுதுங்கள்.