யாருக்கு இடப்பக்கம்?
(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு விளையாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மேசையில் பச்சைத் துணி விரித்து, அடியில் புத்தகங்களை அடுக்கினால் குன்று. அதன்மேல் சுண்டுவிரல் உயரம்கூட இல்லாத பொம்மை வீரர்கள். அளவு நாடாவால் அளந்து நகர்த்த வேண்டும். மோதினால் யாருக்கு இழப்பு என்பதைப் பகடை சொல்லும். இதுதான் 'வார்கேம்' என்னும் போர் விளையாட்டு. 'டைம் மெஷின்' நாவலை எழுதிய எச்.ஜி. வெல்ஸ், 1913இல் 'லிட்டில் வார்ஸ்' என்று இதற்கு ஒரு விதிநூலே எழுதினார். அதற்கும் முன்பு, 1824இல், பிரஷ்யப் பீரங்கிப்படை அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட விளையாட்டு அந்நாட்டு இராணுவத்தில் பயிற்சியாகவே ஆனது. அதில் ஆடுபவர் கட்டளையை எழுதிக் கொடுப்பார். நடுவர்தான் காய்களை நகர்த்துவார்.

2020 ஊரடங்கில் இதை நானும் ஆடினேன். மேசை, என்னோடு பி.எட். படித்த நண்பரின் வீட்டில், முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால். அட்டையில் வெட்டிய வீரர்கள். மேசைக்கு மேலே கட்டிய செல்பேசி வழியாக நான் பார்ப்பேன். என் படையும் அங்கேதான். நான் சொல்லச் சொல்ல அவர்தான் நகர்த்துவார்.

முதல் நாள், "குதிரைப்படை இடப்பக்கம் ஆறு அங்குலம்" என்றேன். படை நேராகச் சதுப்பு நிலத்தில் போய் நின்றது. எனக்குக் கோபம். அவர் அமைதியாகக் கேட்டார்: "யாருக்கு இடப்பக்கம்ப்பா? உனக்கா, எனக்கா, குதிரைக்கா?"

சிரித்தேன். ஆனால் உண்மைப் போரில் இதே குழப்பம் உயிர்களைக் குடித்திருக்கிறது. கிரிமியப் போர், பாலக்லாவா, 1854 அக்டோபர் 25. குன்றின் மேல் நின்ற ஆங்கிலேயத் தளபதி ராக்லன், ரஷ்யர்கள் பீரங்கிகளை இழுத்துச் செல்வதைக் கண்டு, தடுக்கும்படி எழுத்து வடிவில் கட்டளை அனுப்பினார். எந்தப் பீரங்கிகள் என்று அதில் இல்லை. பள்ளத்தாக்கில் நின்ற லூக்கனுக்கு அவை தெரியவில்லை. பள்ளத்தாக்கின் மறுமுனையில் இருந்த வேறு பீரங்கிகளை நோக்கி ஏறத்தாழ 670 குதிரை வீரர்கள் பாய்ந்தார்கள். சுமார் 110 பேர் மாண்டார்கள். மேலே நின்றவருக்குத் தெரிந்தது கீழே நின்றவருக்குத் தெரியவில்லை. அதை மேலே நின்றவர் எண்ணிப் பார்க்கவும் இல்லை.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. சில நாள்களுக்கு முன், "மேலே உள்ள வரைபடத்தை வரைந்து அனுப்பவும்" என்று வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருந்தேன். ஒரு மாணவி வேறு படத்தை வரைந்து அனுப்பினாள். "கவனமில்லை" என்று எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மறுநாள் அழைத்தேன். அப்பா வேலை முடிந்து செல்பேசியோடு வருவதே இரவில்தானாம். அதற்குள் மற்றவர்கள் அனுப்பிய படங்கள் வரிசையாகச் சேர்ந்திருக்கின்றன. அவளுடைய திரையில் 'மேலே' இருந்தது வேறு படம். "தப்பு என்னுடையதும்மா" என்றேன். குழுவிலும் அதையே எழுதினேன். அன்றிரவே வரைபடம் வந்தது.

அதன்பின் விளையாட்டில் துணிமேல் கட்டங்கள் வரைந்து எண்ணிட்டோம். இடம், வலம் போய், வடக்கு, தெற்கு வந்தது. கட்டளையைக் கேட்டவர் திருப்பிச் சொன்ன பிறகே காய் நகரும்.

வகுப்பறையில் இதற்குச் செல்பேசியே வேண்டாம். இரண்டு மாணவர்களை முதுகோடு முதுகாக உட்கார வையுங்கள். ஒருவரிடம் கட்டமிட்ட வரைபடம். மற்றவரிடம் கட்டம் மட்டும் போட்ட தாள். ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்லிவிட்டு வரையட்டும். படம் தவறினால், வரைந்தவரைக் கேட்கும் முன் சொன்னவரைக் கேளுங்கள்: "நீ என்ன சொன்னாய்?"

அந்தக் கேள்வியை நான் முதலில் என்னிடம் கேட்டுக்கொள்கிறேன்.