கல் பட்ட கண்ணாடி

(பழைய மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் டாக்டர்கள் இருக்கிறார்கள், பெரிய பதவி வகித்தவர்கள் இருக்கிறார்கள். நான் இதே கல்லூரியில் இயற்பியல் படித்துவிட்டுப் பள்ளிகொண்டாவில் நெடுஞ்சாலை ஓரமாக வண்டிக் கண்ணாடி மாற்றும் ஷெட் வைத்திருப்பவன். "நீ என்னப்பா பேசப் போறே?" என்று செயலாளர் கேட்டார். "தினமும் என்னைக் கேட்கிற ஒரே கேள்விக்குப் பதில் சொல்றேன்" என்றேன்.

கேள்வி இதுதான். "அந்தக் காலத்துக் கண்ணாடி இரும்பு மாதிரி இருந்துச்சு. இப்ப வர்றது ஒரு ஜல்லி தெறிச்சாலே விரிசல் விடுதே, ஏன்?"

கேட்பவர் சொல்வதில் பாதி உண்மை. அன்றைய லாரி, பஸ், அம்பாசிடரில் பெரும்பாலும் இருந்தது டஃபன்டு கண்ணாடி. கண்ணாடியை நன்றாகச் சூடேற்றி, சட்டென்று குளிர்காற்றை அடித்து ஆற வைப்பார்கள். மேல்தோல் முதலில் இறுகிவிடும், உள்ளே பின்னால் இறுகும். அதனால் மேல்பரப்பு எப்போதும் அழுத்தத்திலேயே இருக்கும். சின்னக் கல் ஒன்றும் செய்யாது. ஆனால் அந்த மேல்தோலைத் தாண்டி ஒரு விரிசல் உள்ளே போய்விட்டால், ஒரு நொடியில் மொத்தக் கண்ணாடியும் கற்கண்டுத் துண்டுகளாகிவிடும்.

அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 1984-ல் மாமாவின் லாரியில் தோல் ஏற்றிக்கொண்டு ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டைக்குப் போகிறோம். ராத்திரி நேரம். எதிரே போன வண்டியின் டயரிலிருந்து ஒரு கல். 'டப்'பென்று சத்தம், அவ்வளவுதான். முன்னால் வெள்ளைத் துணி கட்டியது போல ஆகிவிட்டது. சாலையே தெரியவில்லை. மாமா ஸ்டியரிங்கை விடாமல், வலது கை முஷ்டியால் கண்ணாடியைக் குத்தி ஓட்டை போட்டு, அதன் வழியே பார்த்துத்தான் வண்டியை ஓரம் கட்டினார். கை முழுக்க ரத்தம். இரும்பு மாதிரி இருந்த கண்ணாடி அதுதான்!

இதற்கு மாற்று முன்னாலேயே இருந்தது. எடுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் கையிலிருந்து 1903-ல் ஒரு கண்ணாடிக் குடுவை விழுந்தது. விரிசல் விட்டதே தவிர சிதறவில்லை. உள்ளே காய்ந்து ஒட்டியிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்து வைத்திருந்தது. 1909-ல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்றைய லேமினேட்டட் கண்ணாடியும் அந்த வழிதான்: இரண்டு மெல்லிய கண்ணாடி, நடுவில் முக்கால் மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் படலம். நம் நாட்டில் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆவது விதி, மூன்று ஆண்டு அவகாசத்துக்குப் பின் தயாராகும் வண்டிகளுக்கு முன் கண்ணாடி இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னது.

இதன் வெளிக் கண்ணாடிக்கு அந்த இறுகிய மேல்தோல் கிடையாது. அதனால் கல் பட்டால் சுலபமாகக் கீறும். வண்டியின் எடையைக் குறைக்கக் கண்ணாடியின் கனத்தையும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள், அதையும் மறைக்க வேண்டாம். ஆனால் விரிசலோடு வீடு போய்ச் சேரலாம், சாலை தெரியும். எங்கள் மாமாவைக் கேட்டால் எது வேண்டும் என்று சொல்லியிருப்பார்.

நம் பக்கத்துக்கு என்று சில விசேஷங்கள் உண்டு. தார்ப்பாய் போடாத ஜல்லி லாரி, மணல் லாரி ஒன்று. லாரியின் டபுள் டயருக்கு நடுவில் சிக்கிய கல் பின்னால் வருபவன் மேல் பாய்வது இன்னொன்று. ஆறு வழிச் சாலையில் நாம் போகிற வேகம் எல்லாவற்றுக்கும் மேல். வேகம் இரண்டு மடங்கானால் அடி நான்கு மடங்கு. முதல் வருடப் பாடம்தான், மாணவர்களே!

கீறல் ஏன் வளர்கிறது? கிரிஃபித் என்ற ஆங்கிலேயர் 1921-லேயே காட்டிவிட்டார்: கண்ணாடியின் பலவீனம் அதிலுள்ள நுண்ணிய விரிசல்களில் இருக்கிறது, இழுவிசை முழுவதும் விரிசலின் முனையில் போய்க் குவிகிறது. அந்த முனையில் ஈரம் சேர்ந்தால் இன்னும் வேகமாக ஓடும். வேலூர் வெயிலில் நாள் முழுக்க நின்ற காரில் ஏறி, ஏ.சி.யை முழுசாகத் திருப்பிக் கண்ணாடிக்கு அடித்தால் என்ன ஆகும்? சுட்ட கண்ணாடியில் ஒரு வாளி பச்சைத் தண்ணீர் ஊற்றினால்? காலையில் புள்ளியாக இருந்தது சாயங்காலம் ஒரு முழம். ஒரு ரூபாய்க் காசுக்குள் அடங்குகிற புள்ளி என்றால் பெரும்பாலும் ரெசின் செலுத்தி, புற ஊதா விளக்கில் இறுக வைத்துவிடலாம். கடைக்கு வரும்வரை ஈரமும் தூசியும் போகாமல் மேலே ஒரு செல்லோ டேப் ஒட்டுங்கள். இதைச் சொன்னால் என் வியாபாரம்தான் குறையும், பரவாயில்லை.

இனி என் தப்பைச் சொல்கிறேன். பழைய வண்டியில் ரப்பர் பீடிங்கில் கயிறு கொடுத்துக் கண்ணாடியை மாட்டுவோம். இப்போது பசையால் ஒட்டுகிறோம். காற்றின் ஈரத்தை எடுத்துக்கொண்டு அந்தப் பசை மெதுவாகத்தான் இறுகும். சில ஆண்டுகளுக்கு முன் ஷூ கம்பெனிக்கு ஆட்களை ஏற்றும் ஒரு வேனுக்குச் சாயங்காலம் நாலு மணிக்குக் கண்ணாடி ஒட்டினேன். "ஷிப்ட் விடுற நேரம், அண்ணே" என்று டிரைவர் அவசரப்படுத்தினார். ராத்திரிவரை நிற்கட்டும் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அனுப்பிவிட்டேன்.

ஆம்பூரிலிருந்து திரும்பும்போது மாதனூர் அருகே குறுக்கே ஒரு மாடு. பிரேக் அடித்ததில் முன் சீட்டிலிருந்த பெண் முன்னால் சாய்ந்து கண்ணாடியில் கையை ஊன்றினார். கண்ணாடி கையோடு பெயர்ந்து சாலையில் விழுந்தது. அவருக்கு டேஷ்போர்டில் இடித்து முகவாயில் ஆறு தையல். பார்க்கப் போனேன். திட்டுவார் என்று நினைத்தேன்.

"ஏண்ணா, எங்க கம்பெனில சோலுக்கு சொல்யூஷன் தடவினா காயவுட்டுத்தான் ஒட்டுவோம். அவசரப்பட்டு ஒட்டினா ஷூ வாயப் பொளந்துக்கும்னு எங்களுக்கே சொல்லிக் குடுத்திருக்காங்க. இத்தினி பேரு ஏறுற வண்டிக்கு இன்னாண்ணா அவ்ளோ அவசரம்?"

பி.எஸ்சி. படித்த நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அன்றிலிருந்து கண்ணாடி ஒட்டியதும் வண்டிச் சாவி என் மேசை டிராயருக்குள் போய்விடும். பசை டப்பாவில் போட்டிருக்கிற நேரம் முடிகிறவரை யார் கேட்டாலும் வராது. போன மாதம் ஒரு கல்யாண வண்டியைக்கூட நிறுத்தி வைத்து நல்ல ஏச்சு வாங்கினேன்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், முடித்துக்கொள்கிறேன். ஒரே ஒரு அறிவிப்பு. வாசலில் வேப்பமரத்தை ஒட்டி நிற்கிற வெள்ளைக் காரின் கண்ணாடியில், டிரைவர் பக்கம் கீழே, நட்சத்திரம் மாதிரி ஒரு புள்ளி இருக்கிறது. உள்ளே வரும்போது பார்த்தேன். யாருடைய வண்டி என்று தெரியாது. நிழல் நகர்ந்துகொண்டிருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திவிடுங்கள். போகும்போது எடுத்தவுடனே ஏ.சி. போட்டுவிடாதீர்கள்.