கவிதைக்குக் கீழே பேரு போடுவோம்

(நம் கூட்டமைப்பின் மகளிர் தினக் கூட்டத்தில், கவிதைப் போட்டிக்குப் பரிசு வழங்கியபோது நிர்வாகக் குழு சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மகளிர் தினம் வந்தால் நாம் வழக்கமாகக் கோலப் போட்டி வைப்போம், மியூசிக்கல் சேர் வைப்போம். இந்த வருஷம் புதுசா ஒன்று செய்து பார்ப்போம் என்று கவிதைப் போட்டி வைத்தோம். போனில் எழுதி அனுப்பலாம், எழுத வராதவங்க பேசி அனுப்பலாம், தாளில் எழுதி மாதக் கூட்டத்தில் பிரதிநிதி கையில் கொடுக்கலாம் என்று சொல்லி விட்டோம். சொல்லிட்டோமே தவிர, யாரு எழுதப் போறாங்க என்று எங்களுக்கே சந்தேகம்தான். ஆனால் வந்தது. ஜீப்பு வர்ற நேரத்துக்குத் தூங்குற பிள்ளையை அப்படியே விட்டுட்டுக் கிளம்புறதை ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. மழையில நனைஞ்ச கோணிச் சாக்கைப் பற்றி ஒருத்தங்க. தவணை கட்ட வேண்டிய நாளைப் பற்றி ஒருத்தங்க. படிக்கப் படிக்க எங்களுக்குத் தொண்டை அடைத்தது.

முதல் பரிசு வாங்கிய கவிதை எதைப் பற்றி என்று சொல்கிறோம். கிட்டங்கியில் எட்டு மில்லி, ஏழு மில்லி என்று ஏலக்காயைத் தரம் பிரிக்கிற ஒரு பொம்பளை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து சோத்தைப் பங்கு வைக்கிறாள். யாருக்குப் பெருசு, யாருக்குச் சிறுசு என்று அங்கேயும் அவள் கை தரம் பிரிக்குது. கடைசியில் நிற்கிறது யாருன்னு உங்களுக்கே தெரியும். அவ்வளவுதான் கவிதை.

அந்தத் தாளின் கீழே பேரு இல்லை. 'இப்படிக்கு ஒரு உறுப்பினர்' என்று இருந்தது. இன்னும் பல தாள்களும் அப்படித்தான். சிலவற்றில் குழுப் பேரு மட்டும் இருந்தது. ஒன்றில் மகன் பேரு இருந்தது. விசாரித்தால், "அவன்தான் போன்ல அடிச்சுக் கொடுத்தான், அதனால அவன் பேரைப் போட்டுட்டேன்" என்கிறாங்க. முதல் பரிசுக்காரர் யார் என்று கண்டுபிடித்துக் கேட்டோம். "பரிசு கொடுத்தா வாங்கிக்கிறேன், மேடையில பேரு மட்டும் படிச்சிறாதீங்க" என்று சொல்லிட்டாங்க. அவங்க சொன்னபடியே இன்றைக்கு அந்தப் பேரை நாங்கள் படிக்கப் போவதில்லை. ஆனால் அவங்க ஏன் அப்படிச் சொன்னாங்க என்பதைப் பற்றி நாம் பேசியாக வேண்டும்.

நம்ம ஊரு என்றால் ஏலக்காய். விடியுமுன்னே ஜீப் ஏறி, முந்தல், போடிமெட்டு தாண்டி, பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் தோட்டத்துக்குப் போகிறோம். ஏலச்செடியில் காய் தலைக்கு மேலே தொங்காது. தூரில், தரையோடு கிடக்கிற சரத்தில் இருக்கும். குனிஞ்சும் குத்தவெச்சும் பக்குவம் பார்த்து ஒவ்வொன்றாக எடுக்கணும். அது ஸ்டோரில் காய்ந்து, மலை இறங்கி, மறுபடி நம்ம கையிலேயே தரம் பிரிந்து ஏல மையத்துக்குப் போகுது. போடியிலும் புத்தடியிலும் இப்போது கம்ப்யூட்டரில்தான் ஏலம் நடக்குது. லாட் நம்பர் இருக்கும், எடை இருக்கும், விலை இருக்கும். காய் எடுத்தவள் பேரு அதில் எந்த இடத்திலும் இருக்காது. காய் போகட்டும், அது கூலிக்குச் செய்த வேலை. நம்ம மனசிலிருந்து வந்த வார்த்தையும் அதே மாதிரி பேரில்லாமல் போக வேண்டுமா?

நம்ம தேனி மாவட்டம் கவிஞர்களுக்குப் பேர் போன மாவட்டம். கவிஞர் நா.காமராசன் 1942-இல் போடி மீனாட்சிபுரத்தில் பிறந்தவர். அவருடைய 'கருப்பு மலர்கள்' 1971-இல் வந்தது. ஊர் ஒதுக்கி வைத்த மனிதர்களை எல்லாம் கவிதைக்குள் கூட்டி வந்தவர் அவர். மு.மேத்தா பெரியகுளத்துக்காரர். 2006-இல் சாகித்ய அகாதமி விருது வாங்கினார். இவங்க பேரை நாம் பெருமையாகச் சொல்கிறோம், சொல்லவும் வேண்டும். ஆனால் நம்மைத் தூங்க வைத்த தாலாட்டை யார் கட்டினது? எழவு வீட்டில் கேட்கிறவங்க நெஞ்சு வெடிக்க ஒப்பாரி சொன்ன அப்பத்தாமார் யார்? நடவு வயலில் முதல் அடியை எடுத்துக் கொடுத்தது யார்? பாட்டு நம்மகிட்ட இருக்கு. பேரு இல்லை.

சங்க காலத்திலேயே ஔவையார், வெள்ளிவீதியார், நச்செள்ளையார் என்று பெண்கள் பாடியிருக்காங்க. பேரு ஏட்டில் இருந்ததால் ஏறக்குறைய 2000 வருஷம் கழித்தும் தெரிகிறது. அதே காலத்தில் பாடிய சிலருடைய பேரு தொலைந்து போனது. பாட்டுகளைத் தொகுத்தவங்க அந்தப் பாட்டில் வருகிற ஒரு சொல்லையே எடுத்து அவங்களுக்குப் பேராக வைத்தாங்க. குறுந்தொகையில் வருகிற செம்புலப்பெயனீரார் அப்படித்தான். உலகமே கொண்டாடுகிற பாட்டு அது. பாடியவர் ஆணா, பெண்ணா, எந்த ஊர், ஒன்றும் தெரியாது.

"அதெல்லாம் படிச்சவங்க சமாச்சாரம், கூலிக்காரிக்கு எதுக்குப் பேரு" என்று சிலர் நினைக்கலாம். அவங்களுக்காக ஒன்று சொல்கிறோம். நம்ம பக்கத்து ஆண்கள் வேலைக்குப் போகிற சிங்கப்பூரில், 2014-ஆம் வருஷம் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு என்றே ஒரு கவிதைப் போட்டி தொடங்கினாங்க. முதலில் வங்காள மொழிக்காரங்களுக்கு. அடுத்தடுத்து தமிழ், சீனம், இந்தோனேசிய மொழி என்று விரிந்தது. அவரவர் தாய்மொழியில் எழுதலாம், ஆங்கிலம் தெரிய வேண்டியதில்லை. கட்டட வேலை செய்கிறவங்களும் வீட்டு வேலை செய்கிற பெண்களும் எழுதினாங்க. 2014-லும் 2015-லும் முதல் பரிசு வாங்கியவர் ஜாகிர் உசேன் கோக்கன். வங்கதேசத்துக்காரர், கட்டட வேலைத் துறையில் இருந்தவர். 2017-இல் முதல் பரிசு வாங்கியவர் தெனி அப்ரியானி. இந்தோனேசியாவிலிருந்து வீட்டு வேலைக்கு வந்த பெண். வன்முறைக்கு ஆளான ஒரு பெண்ணின் நிலையைத்தான் எழுதியிருந்தார். ஊரு விட்டு ஊரு போய், அடுத்தவங்க வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு, ராத்திரி கிடைத்த நேரத்தில் எழுதி, கீழே தன் பேரைப் போட்டார். அதனால்தான் இன்றைக்கு இங்கே நாம் அந்தப் பேரைச் சொல்கிறோம்.

பேரு போட்டால் ஒரு கஷ்டமும் வராது என்று பொய் சொல்ல மாட்டோம். அதே ஜாகிர் உசேன் 2021-இல் தொழிலாளர் விடுதி நிலவரம் பற்றி வெளிப்படையாக எழுதினார். அது தவறான தகவல், மற்றவர்களைத் தூண்டிவிடுகிறது என்று அந்த நாட்டு மனிதவள அமைச்சகம் சொன்னது. 2022-இல் அவருடைய வேலை பெர்மிட் புதுப்பிக்கப்படவில்லை. 19 வருஷம் இருந்த நாட்டை விட்டு ஊருக்குத் திரும்பினார். வார்த்தைக்கு விலை உண்டு சகோதரிகளே. அது நமக்கும் தெரியும். "யாரைப் பத்தி எழுதினே?" என்று வீட்டில் கேட்பாங்க. "உன் வீட்டுக்காரரைத்தானே சொல்றே" என்று மதினி கேட்பாங்க. தோட்டத்துக் கங்காணி காதுக்குப் போனால் அடுத்த நாள் ஜீப்பில் இடமில்லை என்பாங்க. முதல் பரிசுக்காரர் பயந்ததில் தப்பே இல்லை.

அப்போ என்ன செய்வது? திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சியில் பிறந்த கவிஞர் சல்மாவின் கதையைக் கேளுங்க. பெரிய மனுஷி ஆனதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள்ளே வைத்துவிட்டாங்க. கல்யாணமான பிறகும் எழுதுவதற்கு எதிர்ப்பு. ராத்திரியில் கழிப்பறைக்குள் நின்று எழுதினார். எழுதிய தாளை அவருடைய அம்மாதான் யாருக்கும் தெரியாமல் வெளியே அனுப்பி வைத்தார். சொந்தப் பேரைப் போட வழியில்லை. அதற்காக 'ஒரு பெண்' என்று போட்டு விட்டுவிடவில்லை. 'சல்மா' என்று தானே ஒரு பேரை வைத்துக்கொண்டார். 2000-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தது. 2001-இல் பெண்களுக்கு ஒதுக்கிய இடத்தில் நின்று பேரூராட்சித் தலைவர் ஆனார். 2025-இல் ராஜ்யசபா உறுப்பினர் ஆனார். ஒளித்து வைப்பதற்காக வைத்த பேரே அவருக்கு முகவரி ஆகிவிட்டது.

ஆகவே புனைப்பேரும் பேருதான். மறைந்து கொள்ளலாம், ஆனால் காணாமல் போய்விடக் கூடாது. உங்க அம்மாச்சி பேரை வையுங்க, குலசாமி பேரை வையுங்க, பிடித்த பூவின் பேரை வையுங்க. அடுத்த கவிதைக்கும் அதே பேரைப் போடுங்க. 'இந்தப் பேரில் எழுதுறவங்க நல்லா எழுதுறாங்க' என்று நாலு பேர் பேசட்டும். தைரியம் வருகிற அன்றைக்கு நீங்களே எழுந்து நின்று, நான்தான் அது என்று சொல்லலாம். அந்த நாள் எது என்பதை நீங்கதான் முடிவு பண்ணணும். கணவரோ, மகனோ, நாங்களோ முடிவு பண்ணக் கூடாது.

நாம் குழுவில் சேர்ந்த காலத்தை நினைத்துப் பாருங்க. 1989-இல் தர்மபுரி மாவட்டத்தில் தொடங்கி மாநிலம் முழுக்கப் பரவிய இயக்கம் இது. நம்மில் பலர் கைநாட்டு. இன்னாரு பொண்டாட்டி, இன்னாரு அம்மா என்றுதான் ஊரில் பேரு. தீர்மான நோட்டில் முதல் தடவை சொந்தப் பேரை எழுதின அன்றைக்குக் கை எப்படி நடுங்கியது! பேங்க்கில் அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தானே பணம் கொடுத்தாங்க. கடனுக்குப் போட்ட கையெழுத்தைக் கவிதைக்கும் போடலாம்.

பக்கத்திலே மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தில், 1998-இல் தொடங்கிய குடும்பஸ்ரீ பெண்கள் இயக்கம் 2023-இல் வெள்ளி விழா கொண்டாடியது. அப்போது அந்த 25 வருஷ வரலாற்றை உறுப்பினர்களே எழுதணும் என்று 'ரசனா' என்ற திட்டத்தைத் தொடங்கினாங்க. வெளியிலிருந்து ஒருத்தர் வந்து எழுதட்டும் என்று காத்திருக்கவில்லை. அந்த மலையில் தினம் காய் எடுக்கிற நமக்கு அந்த யோசனை மட்டும் எட்டாதா?

அதனால் நிர்வாகக் குழுவில் பேசி மூன்று முடிவு எடுத்திருக்கிறோம். முதலாவது, எழுத வராதவங்க சொல்லச் சொல்ல, கணக்காளர் அப்படியே எழுதணும். நம்ம பேச்சைத் திருத்தி மேடைத் தமிழ் ஆக்கக் கூடாது. இரண்டாவது, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, சொன்னவங்க சரி என்ற பிறகு, அவங்க பேரோ அவங்க வைத்துக்கொண்ட பேரோ கீழே வரணும். எழுதிக் கொடுத்தவர் பேரு, போனில் அடித்தவர் பேரு வரக் கூடாது. மூன்றாவது, அடுத்தவங்க கஷ்டத்தை எழுதினால் அவங்க இன்னார் என்று தெரியாதபடி எழுதணும். நம்ம பேரைக் காப்பாற்ற அடுத்தவள் மானத்தைச் சந்தைக்குக் கொண்டுவர வேண்டாம். இந்தக் கவிதைகளுக்கு என்று ஒரு பெரிய நோட்டு போட்டு, தீர்மான நோட்டு இருக்கிற பீரோவிலேயே வைக்கப் போகிறோம்.

இரண்டாம் பரிசும் மூன்றாம் பரிசும் வாங்கியவங்க இதோ மேடைக்கு வந்திருக்காங்க. பலமாகக் கை தட்டுங்க. முதல் பரிசை அவங்க குழுவின் மாதக் கூட்டத்தில், அவங்க விருப்பப்படி கொடுப்போம். பெரிய நோட்டில் முதல் பக்கத்தில் அவங்க கவிதைதான். அதற்குக் கீழே ஒரு வரி காலியாக விட்டிருக்கிறோம். அக்கா, நீங்க இந்தக் கூட்டத்தில்தான் எங்கேயோ உட்கார்ந்திருக்கீங்க. அவசரம் ஒன்றுமில்லை. நீங்க எப்போ வந்தாலும் பேனா தயாராக இருக்கும்.