வானிலை காட்டும் மலர்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

விழாக் குழுவினர் என்னைப் பேசப் பணித்தபோது நான் பெரிதும் தயங்கினேன். நான் மெட்ரிகுலேஷன் வரையே படித்தவன். இரயில்வே சரக்கு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து வருபவன். புலவர் பெருமக்கள் அமர்ந்துள்ள இம்மேடையில் நான் எதைச் சொல்லத் தக்கவன்? ஆயினும், நம் படிப்பகத்தின் வாயிலில் நிற்கும் அந்தக் காகிதப் பூவைப் பற்றியாவது சொல்லுங்கள் என்று செயலாளர் வற்புறுத்தினார். அப்பூவால் நான் ஒரு தவறு செய்தேன். அத்தவற்றால் ஒன்றைக் கற்றேன். அதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

மலரைக் கண்டு பருவத்தை அறிவது நம் முன்னோர்க்குப் புதிதன்று. முல்லைத் திணைக்குக் காரும் மாலையும் உரிய பொழுதுகள் என்று தொல்காப்பியம் வகுத்தது. ஆவணியும் புரட்டாசியும் கார்காலம். அக்காலத்தில் முல்லை அரும்பும்; கொன்றை பொன் மாலைகளைத் தொங்கவிடும். நாட்காட்டி இல்லாத அந்நாளில் பூவே நாட்காட்டியாயிற்று.

மேல்நாட்டாரும் இதனைக் கண்டறிந்தனர். சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் லின்னேயஸ் 1751-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், குறித்த நேரத்தில் விரிந்து குவியும் மலர்களை மூன்று வகையாகப் பிரித்தார். அவற்றுள் ஒரு வகை, வானத்தின் நிலைக்கேற்பத் தம் நேரத்தை முன்னும் பின்னுமாக மாற்றிக்கொள்ளும் மலர்கள். இயற்கை செய்வதை நாமும் செய்து பார்த்தால் என்ன என்ற எண்ணம் மனிதனுக்குத் தோன்றியதில் வியப்பில்லை.

அவ்வெண்ணத்தில் பிறந்ததுதான் கோபால்ட் பூ. பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஜான் எல்லோ என்பார் 1737-இல் கோபால்ட் உப்பினால் ஆகிய ஒரு மாய மையைப் பற்றி எழுதினார். கோபால்ட் குளோரைடு என்னும் அவ்வுப்பு உலர்ந்திருக்கையில் நீலமாக இருக்கும். காற்றின் ஈரத்தை உண்டால் இளஞ்சிவப்பாகும். சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். பிற்காலத்தில் காகிதப் பூக்களை அவ்வுப்பு நீரில் தோய்த்து உலர்த்தி, 'பாரமானிப் பூ' என்ற பெயரில் ஐரோப்பிய நகரங்களில் விற்றனர். நீலமானால் வெயில், சிவந்தால் மழை என்பது அவர்கள் கணக்கு.

இங்கே ஒரு பிழையைச் சுட்ட விரும்புகிறேன். பாரமானி என்பது காற்றின் அழுத்தத்தை அளப்பது. இப்பூவோ அழுத்தத்தை அறியவே அறியாது. அது அறிந்தது ஈரம் ஒன்றே. பெயர் வைத்தவர்கள் பூவுக்கு இல்லாத அறிவை அதன்மேல் ஏற்றிவிட்டனர். இப்பிழையைப் பின்னர் நானும் செய்தேன். அதனால்தான் இதனை நினைவூட்டுகிறேன்.

கோபால்ட் உப்பு நமக்கு முற்றும் அயலானதன்று. மின்சார இரயிலுக்கு மின்னளிக்கும் துணைநிலையங்களில் பெரிய டிரான்ஸ்பார்மர்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் பக்கத்தில் சிறு கண்ணாடிக் குப்பி ஒன்று தொங்கும். டிரான்ஸ்பார்மர் உள்ளிழுக்கும் காற்று, எண்ணெயில் ஈரத்தைச் சேர்த்துவிடாதபடி அக்குப்பியில் உள்ள சிலிக்கா ஜெல் மணிகள் தடுக்கின்றன. அம்மணிகளில் கோபால்ட் உப்பு கலந்திருந்தால் அவை நீலமாக இருக்கும். ஈரம் நிறைந்ததும் சிவக்கும். 'மணியை மாற்றுக' என்று அவை நிறத்தாலேயே அறிவிக்கும். அவ்வுப்பு உடலுக்குத் தீங்கானது என்று தெரிந்தபின், கோபால்ட் கலவாத ஆரஞ்சு நிற மணிகளும் வழக்கத்திற்கு வந்துள்ளன.

அன்பர்களே! சரக்கு அலுவலகத்தில் இருப்பவனுக்கு ஈரம் பழைய பகைவன். சிமெண்டு மூட்டை கல்லாவதும், கோதுமை மூட்டை முளைவிடுவதும் அதனால்தான். 'ஈரத்தால் சேதம்' என்று பல ஆண்டுகளாக எழுதி எழுதிக் கை சலித்தவன் நான். எனவே, நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக் குழந்தைகள் கண்காட்சிக்கு ஏதேனும் செய்யவேண்டும் என்று என்னிடம் வந்தபோது, ஈரம் காட்டும் பூவைச் செய்வோம் என்றேன். ஆனால், குழந்தைகளின் கையில் கோபால்ட் உப்பைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை. வேறு வழி தேடினோம்.

அவ்வழியைக் காட்டியது ஒரு பைன் காய். சிம்லா சென்றுவந்த நண்பர் ஒருவர் அதனைக் கொணர்ந்திருந்தார். உலர்ந்த நாளில் அதன் செதில்கள் விரிந்து நிற்கும். நீரில் இட்டால் மூடிக்கொள்ளும். அதற்கு உயிர் வேண்டியதில்லை. ஒவ்வொரு செதிலிலும் இரண்டு அடுக்குகள் உள்ளன. புற அடுக்கு ஈரத்தால் நீளும். அக அடுக்கு அவ்வளவு நீளாது. ஒன்று நீண்டு மற்றொன்று நீளாதபோது செதில் உட்புறமாக வளையத்தானே வேண்டும்?

அம்முறையையே நாங்கள் பின்பற்றினோம். படம் வரைவோர் பயன்படுத்தும் டிரேசிங் காகிதத்தை எடுத்து, அதன் ஒரு பக்கத்தில் ஒட்டும் பிளாஸ்டிக் நாடாவை ஒட்டினோம். நான்கு அங்குல நீளத்தில் இதழ்களாக வெட்டினோம். காகிதம் ஈரத்தை உண்டு நீளும், பிளாஸ்டிக் நீளாது. காகிதப் பக்கம் வெளியே இருக்குமாறு இதழ்களை ஒரு மூங்கிற் குச்சியில் கட்டினோம். காற்று ஈரமானால் பூ கூம்பவேண்டும், உலர்ந்தால் மலரவேண்டும்.

முதற் பூ கூம்பவுமில்லை, மலரவுமில்லை. ஒவ்வோர் இதழும் பக்கவாட்டில் சுருண்டு வெற்றிலைச் சுருளைப் போல் ஆயிற்று! குழந்தைகள் கைகொட்டிச் சிரித்தனர். இரண்டு நாள் ஆராய்ந்த பின்னரே காரணம் விளங்கிற்று. ஆலையில் செய்யும் காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். ஈரம் பட்டால் நார் நீளவாட்டில் அதிகம் நீளுவதில்லை, குறுக்கேதான் பருக்கிறது. நாங்கள் இதழை நார் ஓடும் திசையிலேயே வெட்டிவிட்டோம். குறுக்கே வெட்டியதும் பூ சொன்னபடி கேட்டது. நாரின் திசையை அறிவது எளிது. காகிதத்தைக் கிழித்துப் பாருங்கள். எத்திசையில் நேராகக் கிழிகிறதோ, அதுவே நாரின் திசை.

அடுத்து, பூவுக்கு அளவு வேண்டுமன்றோ? எவ்வளவு மலர்ந்தால் எவ்வளவு ஈரம் என்று அறிவது எப்படி? விலையுயர்ந்த கருவி எங்களிடம் இல்லை. ஆனால், சமையலறையில் உப்பு இருந்தது. மூடியுள்ள கண்ணாடிப் பாத்திரத்தில் சாப்பாட்டு உப்பைச் சிறிது நீர் விட்டுச் சேறுபோல் குழைத்து வைத்தால், அதனுள் அடைபட்ட காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு ஏறக்குறைய 75 என்ற அளவில் நிலைத்து நிற்கும். அதனுள் உப்பில் படாதவாறு பூவை ஓரிரவு வைத்து, மறுநாள் இதழ் நின்ற இடத்தில் கோடிட்டோம். நனைந்த துணியுடன் அடைத்து வைத்து ஈரத்தின் எல்லையைக் குறித்தோம். சிலிக்கா ஜெல்லுடன் அடைத்து வைத்து உலர்ச்சியின் எல்லையைக் குறித்தோம். கண்காட்சியில் அப்பூவைக் கண்டு பாராட்டாதவர் இல்லை. அந்தப் பெருமிதத்தில் நான் ஒரு பலகையில், 'மலர்ந்தால் வெயில். கூம்பினால் மழை' என்று கொட்டை எழுத்தில் எழுதிக் கீழே மாட்டினேன். அங்கேதான் பிழை புகுந்தது.

நம் குடியிருப்பில் வடாம் இட்டு விற்று வாழும் அம்மையார் ஒருவரை நீங்கள் அறிவீர்கள். சென்ற சித்திரையில் ஒரு நாள் காலை பூ கூம்பியிருந்ததால் அவர் மாவைக் கிண்டாமல் காத்திருந்தார். பத்து மணிக்குப் பூ விரியத் தொடங்கிற்று. எட்டுக் கிலோ அரிசி மாவைக் கூழாகக் கிண்டி, மொட்டைமாடியில் புடவைகளை விரித்து இட்டு முடித்தார். நண்பகலில் பூ முற்றும் மலர்ந்து நின்றது. அதனைக் கண்டு மனநிறைவோடு, மகளைப் பார்க்க அடுத்த குடியிருப்புக்குச் சென்றார். மாலை நான்கு மணிக்கு வடமேற்கிலிருந்து கருமேகம் திரண்டு வந்தது. இங்கே கரக்பூரில் வாழும் நமக்குக் கால்பைசாகியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. கால் மணி நேரத்தில் புடவையும் வடாமும் ஒன்றாய்ச் சுருண்டு நீரில் மிதந்தன.

அன்று மாலையே அவரிடம் ஓடினேன். நட்டத்திற்கு ஈடாகப் பணத்தை நீட்டினேன். அவர் வாங்க மறுத்துவிட்டார். "பணம் வேண்டாம், தம்பி. பூ என்ன செய்யும்? நீ எழுதி மாட்டினாயே, அந்தப் பலகையை முதலில் மாற்று. நாளைக்கு இன்னொருத்தி ஏமாறக் கூடாது" என்றார்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எங்கே தவறினோம் என்று எண்ணிப் பார்த்தேன். முப்பது பாகை வெப்பமுள்ள ஒரு கன மீட்டர் காற்று ஏறக்குறைய 30 கிராம் நீராவியைத் தாங்கவல்லது. இருபது பாகையில் அது தாங்குவது ஏறக்குறைய 17 கிராமே. காற்றில் 15 கிராம் நீராவி இருப்பதாகக் கொள்வோம். வெப்பமான பகலில் அது பாதியளவு. குளிர்ந்த விடியலிலோ அதுவே ஏறக்குறைய முழு அளவு. ஆகவே, மழையே இல்லாத நாளிலும் விடியலில் பூ கூம்பும். வெயில் ஏற ஏற மலரும். கால்பைசாகியோ அந்த வெயிலின் கொதிப்பிலேயே பிறப்பது. சோட்டா நாகபுரி மேட்டுநிலத்தின் பக்கம் மேகம் திரளும் அந்த நேரத்தில்தான் நம் பூ மிக நன்றாக மலர்ந்து நிற்கிறது! பூ தன் இதழைத் தொட்ட காற்றை மட்டுமே அறிந்தது. தொலைவில் வரும் மேகத்தை அது எப்படி அறியும்?

அப்போது குறுந்தொகையின் 66-ஆம் பாட்டு நினைவுக்கு வந்தது. கோவர்த்தனார் பாடிய பாட்டு அது. கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றையோ பூத்துவிட்டது. வருந்தும் தலைவியைத் தோழி தேற்றுகிறாள். இது கார்காலம் அன்று. காலமல்லாத காலத்தில் பெய்த மழையைக் கார் என்று எண்ணி அறிவில்லாத கொன்றை பூத்துவிட்டது என்கிறாள். தோழி ஆறுதலுக்காகச் சொன்ன சொல் அது. எனினும், எனக்கு அது வேறொன்றையும் உணர்த்திற்று. ஈரம் பட்டது, பூத்தது. கொன்றை செய்தது அவ்வளவே. தலைவன் வருவான் என்று அது யாருக்கும் வாக்களிக்கவில்லை. வாக்கைப் பூவின்மேல் ஏற்றியவர்கள் மனிதர்கள்.

மறுநாளே பலகையை மாற்றினேன். 'மலர்ந்தால் இங்குள்ள காற்று உலர்ந்தது, கூம்பினால் ஈரமானது, வரப்போவதை இப்பூ அறியாது' என்று எழுதினேன். அத்துடன், பூவின் அடியில் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு இலைகளும் ஒரு முள்ளும் அமைத்தோம். 1875-இல் தோன்றிய நம் இந்திய வானிலைத் துறை, மாவட்டந்தோறும் எச்சரிக்கையை இந்நான்கு நிறங்களால்தான் அறிவித்து வருகிறது. பச்சை என்றால் எச்சரிக்கை இல்லை. மஞ்சள் என்றால் கவனமாயிரு. ஆரஞ்சு என்றால் ஆயத்தமாயிரு. சிவப்பு என்றால் உடனே செயற்படு. நாள்தோறும் காலையில் ஒரு குழந்தை துறையின் அறிவிப்பைக் கைப்பேசியில் பார்த்து முள்ளைத் திருப்பி வைக்கிறது. இப்பொழுதுள்ள ஈரத்தைப் பூ சொல்லும். வரப்போவதை, அதனை ஆராய்ந்து அறிந்தவர் சொல்ல, இலை காட்டும். ஒன்றின் வேலையை மற்றொன்று செய்வதில்லை. அந்த அம்மையார் இப்போது முதலில் இலையைப் பார்க்கிறார். பிறகே பூவைப் பார்க்கிறார்.

தாய்மார்களே! இப்பூவை உங்கள் வீட்டிலும் செய்து பாருங்கள். செலவு மிகச் சிறிது. அடுப்பங்கரையில் வைக்காதீர்கள், உலை கொதித்தாலே கூம்பிவிடும். நிழலில், காற்று உலவும் இடத்தில் வையுங்கள். ஊருக்குத் தொலைபேசியில் பேசும்போதெல்லாம், "அங்கே மழை உண்டா?" என்றுதானே நாம் முதலில் கேட்கிறோம்? அக்கேள்விக்கு இப்பூ விடை சொல்லாது. தான் நிற்கும் இந்த மண்ணின் காற்றையே அது அறியும். வந்த ஊரின் வானத்தையும் நாம் அறிந்து வாழவேண்டும் என்பதை அது நமக்கு நாள்தோறும் நினைவூட்டட்டும்.

குழந்தைகளே! கருவி செய்யும்போது, அதற்குத் தெரிந்தது எது, தெரியாதது எது என்று முதலில் கேளுங்கள். தெரிந்ததை மட்டுமே அதன்மேல் எழுதுங்கள். எழுத்து வேலையில் காலம் கழித்த ஒருவன் உங்களுக்குச் சொல்லக்கூடியது இதுவே.