யாருடைய சாவுக்கு நடுகல்?



இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள், தற்கொலையும் புனைவும். ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் சமூகம் அதற்கு என்ன பெயர் வைக்கிறது? பாவமா, குற்றமா, மானமா, கோழைத்தனமா? அந்தப் பெயர் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நம் மண்ணில் சாதிக்குச் சாதியும் மாறுகிறது.

கிறித்தவ ஐரோப்பா அதைப் பாவம் என்றது. அப்படி இறந்தவர்களுக்குத் திருச்சபையின் கல்லறையில் இடம் மறுத்தது. இங்கிலாந்தில் 1961 வரை தற்கொலை முயற்சி குற்றமாகவே இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 309ஆம் பிரிவாக அந்தப் பார்வை நம்மிடமும் வந்து உட்கார்ந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அதன் பல்லைப் பிடுங்கியது. 2024இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் அந்தப் பிரிவே இல்லை. ஜப்பானில் கதை வேறு. அங்கே சாமுராய்க்கு அது மானம். சிக்கமட்சு 1703இல் காதலர் இருவரின் சாவை நாடகமாக்கினார். அவ்வகை நாடகங்கள் பெருகி, அதுபோன்ற சாவுகளும் பெருகவே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளில் அரசு அவற்றுக்குத் தடை போட்டது.

தமிழுக்கு வருவோம். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தான், பிசிராந்தையார் தேடி வந்து உடனிருந்தார். வெண்ணிப் போரில் முதுகில் புண்பட்ட சேரமான் பெருஞ்சேரலாதன் நாணி வடக்கிருந்தான். புறநானூறு இவர்களைப் போற்றுகிறது. அதே புறநானூறுதான் துடி அடிப்பவனையும் கட்டில் பின்னுபவனையும் 'இழிசினன்' என்கிறது. அவனுக்கும் மானம் இருந்திருக்கும். அதைப் பாட ஆளில்லை.

பிறகு நந்தனார். தில்லைக்குள் நுழைய முடியாமல் நின்றவரைப் பெரியபுராணம் தீக்குள் இறக்குகிறது, பூணூல் அணிந்த முனிவராக வெளியே கொண்டுவருகிறது. ஊர் அதைப் பக்தி என்று கும்பிட்டது. தலித் வாசிப்பு கேட்பது ஒரே கேள்விதான்: உள்ளே போன நந்தன் எங்கே? கோயில் கதவு திறந்திருந்தால் தீக்கு என்ன வேலை? ஒரு மனிதனுக்கு எல்லா வழியையும் அடைத்துவிட்டு, மிச்சமிருக்கும் ஒரே வழியை அவனுடைய விருப்பம் என்று எழுதியது புராணம். இன்றைக்கும் பல கதைகளும் படங்களும் இதையே செய்கின்றன. தலித் பாத்திரம் இறுதியில் சாகும். அந்தச் சாவில் உயர்சாதி நாயகனுக்கு மனசாட்சி பிறக்கும்.

சமூகவியல் படித்தவர்களுக்கு எமில் துர்க்கைம் தெரியும். 1897இல் தற்கொலையைத் தனிமனிதக் கோளாறு என்ற இடத்திலிருந்து எடுத்துச் சமூக உண்மையாக வைத்தவர். அவர் சொன்ன வகைகளில் ஒன்று, அளவு மீறிய ஒடுக்குமுறையால் எதிர்காலமே அடைக்கப்பட்டவர்களின் சாவு. எடுத்துக்காட்டாக அடிமைகளைச் சொன்னார். ஆனால் அதற்கு அவர் ஒதுக்கிய இடம் ஓர் அடிக்குறிப்பு. அந்த அடிக்குறிப்பில்தான் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வேமுலா இறந்தபோது, விடுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஐந்து மாணவர்களில் ஒருவராக இருந்தார். நிறுவனம் செய்ததை மறைத்துவிட்டு அவருடைய மனச்சோர்வை மட்டும் பேசுவது பொய். அதற்காக அவருக்கு நடுகல் நட்டு, அந்தச் சாவையே போராட்டத்தின் உச்சம் என்று பாடுவதும் ஆபத்து. இரண்டையும் மறுக்க வேண்டிய கடமை நமக்கு உண்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. 2015இல் கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தபோது அதைத் தற்கொலையாகக் காட்டப் பார்த்தார்கள். 2022இல் மதுரை நீதிமன்றம் அதைக் கொலை என்று தீர்ப்பளித்தது. 2012 நவம்பரில் தருமபுரியில், தலித் இளைஞரை மணந்த பெண்ணின் தந்தை இறந்ததைக் காரணம் காட்டி, நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி மூன்று சேரிகளையும் கொளுத்தினார்கள். ஒரு தகப்பனின் சாவு சாதியின் மானமாகி, நம் வீடுகளுக்குத் தீயானது. இமையத்தின் 'பெத்தவன்' அதே தகப்பனை வேறு வெளிச்சத்தில் காட்டுகிறது. மகளைக் கொல்லச் சொல்லி ஊர் நெருக்குகிறது. அவர் மகளைத் தப்ப வைத்துவிட்டுத் தான் சாகிறார். இங்கே சாவு அழகாக இல்லை. யார் நெருக்கினார்கள் என்பது தெளிவாக இருக்கிறது. புனைவு செய்ய வேண்டிய வேலை இதுதான்.

கதேயின் 'வெர்தர்' 1774இல் வந்தபோது, படித்த இளைஞர்கள் அதைப் பார்த்துச் சாகிறார்கள் என்ற அச்சம் பரவியது. லைப்சிக் நகரம் அதைத் தடைசெய்தது. 1974இல் டேவிட் பிலிப்ஸ் என்ற சமூகவியலாளர், பெரிதாக அச்சிடப்படும் தற்கொலைச் செய்திகளைத் தொடர்ந்து சாவுகள் கூடுவதைக் காட்டி, அதற்கு வெர்தர் பெயரையே வைத்தார். நெருக்கடியைத் தாண்டி வந்தவரின் கதை படிப்பவரைக் காக்கக்கூடும் என்று பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே தடை நமக்குத் தேவையில்லை, பொறுப்பு தேவை. எப்படி இறந்தார் என்ற விவரணையை விட்டுவிடுவோம். கதவை அடைத்தது யார் என்பதை விடாமல் எழுதுவோம். சாவைத் தீர்வாகவோ வெற்றியாகவோ முடித்துவைக்க மறுப்போம்.

தாண்டி வந்தவர்களின் எழுத்து நம்மிடம் இருக்கிறது. மடத்தை விட்டு வெளியே வந்த பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. அடிபட்டவள் உயிரோடு நின்று பேசுகிறாள் என்பதே அந்த நூலின் பலம்.

நம் கதைகளைப் படிக்கப்போவது விடுதி அறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் பிள்ளை. மனம் உடையும்போது நண்பரிடமோ 14416 என்ற அரசு உதவி எண்ணிலோ பேசுவது தோல்வி அல்ல என்று அந்தப் பிள்ளைக்கு நாம் சொல்ல வேண்டும். நமக்கு இன்னொரு நடுகல் வேண்டாம். அந்தப் பிள்ளை படித்து முடித்து, நாளை இதே மேடையில் நம்மோடு சண்டை போட வேண்டும்.